தனிச் சட்டி

“சாமி, உப்பில்லாம ருசிக்கிற மாதிரி ஒரு வெஞ்சனம் சொல்லித் தாங்க.”

குற்றாலலிங்கச் சாமியிடம் மனசு அடங்க வழி கேட்டு வருவார்கள். மகனுக்குப் புத்தி வர வழி கேட்டு வருவார்கள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்ன செய்யலாம் என்று கேட்டு வந்தவள் சண்முகவடிவு ஒருத்திதான்.

சாமி என்று பேரே தவிர, அவருக்கு வயது நாற்பதுக்குள்தான். வடிவுக்கு அறுபது ஆகிறது. தாமிரபரணிக் கரையில் இருக்கும் அந்தச் சின்ன மடத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் வருவாள். மூலையில் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்பாள். திருநீறு வாங்கிக்கொண்டு போவாள். ஒரு கேள்வி கேட்டதில்லை.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டாள்.

“எங்கிட்ட எதுக்குக்கா வெஞ்சனம் கேக்கிய?”

“நீங்க செவ்வாய்க்கெழம உப்பு சேக்க மாட்டியளாம்லா. எப்படிச் சாப்பிடுதிய?”

“கையாலதான்.”

அவள் சிரிக்கவில்லை. சாமி அவள் முகத்தைப் பார்த்தார். அதற்குமேல் விளையாடவில்லை.

“யாருக்கு?” என்று கேட்டார்.

“எங்க வீட்டு அவுகளுக்கு.”

*

அவள் வீட்டுக்காரர் ஆவுடையப்பன். கல்யாண வீடுகளில் பந்தி விசாரிக்கிறவர். யாரும் அழைத்து அந்த வேலையைக் கொடுப்பதில்லை. போன இடத்தில் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, இந்த இலைக்கு ரசம், அந்த இலைக்கு அப்பளம் என்று தானாகவே நடக்க ஆரம்பித்துவிடுவார். கடைசிப் பந்தியில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டுதான் அவரும் உட்காருவார்.

அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயிருந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை திருநெல்வேலிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தார்கள். உப்பு கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். காயை நறுக்கி வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும்.

வடிவு ஒரு சொல் மீறவில்லை. மீறாமல் இருந்தும் ஆவுடையப்பன் சாப்பாட்டை விட்டுவிட்டார். இரண்டு வாய் வைப்பார். தட்டைத் தள்ளுவார். ஏன் என்று கேட்டால் ஒரே பதில். வேண்டாம்.

“நேத்து டாக்டர் என்னத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லுதாக, இப்படியே பட்டினி கிடந்தா இன்னும் ரொம்ப நாளைக்கு இழுத்துக்கிட்டுப் போக முடியாதும்மா, மிஷின் மட்டும் என்ன செய்யும்னு.”

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாமி தண்ணீர்ச் சொம்பை அவள் பக்கம் நகர்த்தினார்.

“என்னென்ன செஞ்சு பாத்திய?”

“புடலங்காய நறுக்கி வடிச்சு, உளுந்தம்பருப்பு செவக்கத் தாளிச்சு வச்சேன்.”

“அதுல வாசனைக்கு?”

“பெருங்காயம். ரெண்டு மிளகா வத்தல்.”

“சரிதான்.”

“சொரக்காய்க்கு மிளகும் சீரகமும் பொடிச்சுப் போட்டேன். முட்டக்கோசுக்குப் பூண்டு தட்டிப் போட்டு, அடுப்ப அமத்தின பெறகு எலுமிச்சம்பழம் பிழிஞ்சேன். அவரக்காய்க்குத் தேங்கா கொஞ்சம் தூவினேன். பீர்க்கங்காயத் தோலோட வதக்கினேன்.”

“எலுமிச்ச பிழிஞ்சா உப்பு இல்லாதது தெரியாதே.”

“எனக்கே தெரியலியே சாமி. நான் தின்னு பாத்துட்டுத்தான வைக்கேன்.”

“பெறகு?”

“வேண்டாம்னுட்டாக.”

 சாமி ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“எந்தச் சட்டியில செய்யுதிய?”

“அவுகளுக்குன்னு தனிச் சட்டி வாங்கிட்டேன். எங்க சட்டியில உப்பு ஒட்டியிருக்கும்லா.”

“கரண்டி?”

“அதுவும் தனி. தட்டு, தம்ளர் எல்லாம் தனி. மருமக மாத்தி எடுத்திரக் கூடாதுன்னு சிவப்புப் பெயிண்டு தொட்டு வச்சிருக்கேன்.”

“எத்தன மணிக்குக் குடுக்கிய?”

“எல்லாருக்கும் முந்தி. அவுக சாப்பிட்ட பெறகுதான் எங்க அடுப்பே எரியும்.”

“எங்க வச்சு?”

“உள் ரூம்புல. கதவச் சாத்திருவேன். எங்க கொழம்பு மணம் போனா அவுகளுக்கு ஆச வந்திரும். பாவம்லா.”

நோயாளிக்குத் தனிப் பாத்திரம் வாங்குவதில் நம் ஊர்க்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. வடிவு அதைத் தூக்கம் கெட்டுச் செய்தவள். அவளைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது.

சாமிக்கும் வரவில்லை.

“புடலங்காய் வந்திருக்கு. உங்க வீட்டுல செய்யுத மாதிரியே இங்க செய்யுங்க. சாப்பிட்டுட்டுப் போகலாம்,” என்றார்.

*

மடத்து அடுக்களையில் சங்கிலி என்பவர் சமையல். அவர் சோறும் குழம்பும் பார்த்துக்கொள்ள, வடிவு புடலங்காயோடு உட்கார்ந்தாள். செவ்வாய்க்கிழமைகளில் யார் வந்தாலும் அங்கே சாப்பாடு உண்டு. முப்பது பேருக்காவது காண வேண்டும்.

விதையை வழித்து எடுத்தாள். பிறை பிறையாக நறுக்கினாள். கொதிக்கிற தண்ணீரில் போட்டாள். காய் கண்ணாடியாக வந்ததும் கூடையில் கொட்டி வடித்தாள். எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, உளுந்தம்பருப்பு சிவந்த நேரத்தில் பெருங்காய வாசனை ஆற்றங்கரை வரைக்கும் போயிருக்கும்.

சாமி வந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார்.

“இதுல ஒரு குறையும் இல்லக்கா.”

“உப்பு இல்லையே சாமி.”

“இல்லதான்.”

அவர் ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணத்தை எடுத்துவந்தார். புதுசு. அதில் கொஞ்சம் பொரியலை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார். வடிவு கைகழுவப் போய்விட்டாள்.

*

கூடத்தில் பந்திக்கு இலை போட்டார்கள். பக்கத்து ஊர் ஆட்கள், ஆற்றில் குளிக்க வந்தவர்கள், சாலை வேலை பார்க்கிற பெண்கள் நாலைந்து பேர். வடிவும் போய் அவர்களோடு உட்காரப் பார்த்தாள்.

“உங்களுக்கு இங்க இல்லக்கா,” என்றார் சாமி.

பக்கத்தில் ஒரு அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெருக்கித் துடைத்திருந்தது. புதுப் பாய் விரித்திருந்தது. ஒரே ஒரு இலை.

சாமியே பரிமாறினார். சோறு, குழம்பு, புதுக் கிண்ணத்திலிருந்து பொரியல்.

“உங்களுக்குன்னு தனியா உப்புப் போட்டுப் பெரட்டி வச்சிருக்கேன். நிம்மதியாச் சாப்பிடுங்க.”

கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

வடிவு ஒரு வாய் எடுத்து வைத்தாள். ருசியாகத்தான் இருந்தது.

வெளியே பந்தி ஆரம்பித்தது. பலகை நகர்கிற சத்தம். ஒருத்தி பொரியல் கேட்டாள். “யாரு செஞ்சது இன்னைக்கு?” என்று ஒரு ஆண்குரல் கேட்டது. சங்கிலி ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று வடிவுக்குக் கேட்கவில்லை.

இரண்டாவது வாய் எடுத்தாள்.

தான் ஏதும் தப்பாகப் பேசிவிட்டோமோ என்று நினைத்தாள். வீட்டில் நோயாளி இருப்பதால் தன்னோடு உட்கார மற்றவர்கள் யோசித்திருப்பார்களோ என்று நினைத்தாள். இத்தனை வருஷம் வந்துபோன இடத்தில் இன்றைக்கு மட்டும் என்ன வந்தது. மூன்றாவது வாயை மென்றுகொண்டே இருந்தாள். தண்ணீர் குடித்து இறக்கினாள்.

மோர் கொண்டு போகிற சத்தம் கேட்டது. அது இந்தக் கதவைத் தாண்டிப் போனது.

அவள் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகை வந்தது. சோற்றுக்கு முன்னால் அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டாள்.

பந்தி முடிந்துதான் சாமி கதவைத் திறந்தார்.

இலையைப் பார்த்தார்.

“காய் வெந்திருக்கா?”

“வெந்திருக்கு சாமி.”

“உப்பு?”

“சரியா இருக்கு.”

“பெறகு ஏன் அப்படியே இருக்கு?”

வடிவு வாயைத் திறந்தாள்.

“எனக்கு வே...”

அவளால் அந்தச் சொல்லை முடிக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

சாமி வழிவிட்டு நின்றார்.

*

கூடத்தில் இலைகளை இன்னும் எடுக்கவில்லை. ஒவ்வொரு இலையிலும் பொரியல் வைத்த இடம் துடைத்தாற்போல் இருந்தது. அடுக்களையில் பொரியல் சட்டி கவிழ்ந்து கிடந்தது. சங்கிலி அதைத் தேய்க்க எடுத்துக்கொண்டிருந்தார்.

“எல்லாம் தீந்துட்டா?” என்று கேட்டாள்.

“ரெண்டாம் தடவ கேட்டவங்களுக்குக் காணல. நல்ல பக்குவம்.”

“நீங்க உப்புப் போட்டியளா?”

“செவ்வாய்க்கெழம சட்டியில உப்பு ஏறாது. சாமி சாப்பிடணும்லா. அவருக்குன்னு வேற அடுப்பா மூட்ட முடியும்? முப்பது பேருக்கும் ஒரே சட்டிதான்.”

“அப்ப அவ்வளவு பேரும் உப்பில்லாமலா தின்னாங்க?”

சங்கிலி அவளை வேடிக்கையாகப் பார்த்தார். ஈரக் கையால் பந்தி இலைகளைக் காட்டினார்.

ஒவ்வொரு இலையின் ஓரத்திலும் வெள்ளையாகக் கொஞ்சம் உப்பு மிச்சம் இருந்தது. முதலில் வைக்கிற உப்பு. எந்த வீட்டு விசேஷத்திலும் இலையில் முதலில் விழுகிற உப்பு. வேண்டிய பேர் வேண்டிய மட்டும் தொட்டுக்கொண்டிருந்தார்கள்.

வடிவு அந்த இலைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு வெளியே வந்து சாமியைக் கும்பிட்டாள். அவர் படித்துறைக்கு இறங்கிக்கொண்டிருந்தார்.

“சாமி, எல்லாரு இலைக்கும் உப்பு வைக்கேன், சரி. அவுக இலைக்கு?”

சாமிக்குக் கேட்டது மாதிரியும் இருந்தது, கேட்காத மாதிரியும் இருந்தது. தண்ணீரில் இறங்கி முகத்தைக் கழுவினார்.

 பஸ் வருகிற சத்தம் கேட்டது.

*

வீட்டில் வடிவு முட்டைக்கோஸ் அரிந்தாள். எல்லோருக்கும் காணுகிற அளவு.

மருமகள் உமா எட்டிப் பார்த்தாள்.

“அத்த, பெரிய சட்டியில வடிச்சிருக்கீங்க. இது மாமாவுக்குள்ளதுல்லா?”

“எல்லாருக்கும் உள்ளது.”

“கொழம்பு?”

“அதுவுந்தான். உப்புப் போட்டிராத.”

உமா தன் புருஷன் கைலாசத்தைப் பார்த்தாள். அவன் தோளைக் குலுக்கிவிட்டுச் சட்டையைக் கழற்றப் போனான். வேலை விட்டு வந்த பசி அவனுக்கு.

வடிவு கொல்லைக்குப் போய் வாழை இலை அறுத்து வந்தாள். நடுக்கூடத்தில் நாலு இலை போட்டாள். தண்ணீர் தெளித்தாள். பிறகு உள் அறைக் கதவைத் திறந்து வைத்தாள்.

ஆவுடையப்பன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

“இலை போட்டாச்சு,” என்றாள்.



“யாரு வந்திருக்கா?” என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

“யாரும் வரல.”

“பெறகு எதுக்கு இலை?”

“நம்ம சாப்பிடத்தான்.”

அவர் திரும்பிப் பார்த்தார். திறந்த கதவு வழியாகக் கூடம் தெரிந்தது. கைலாசம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில் ஒரு இலை காலியாக இருந்தது.

எழுந்துகொள்ள நேரம் ஆனது. வடிவு கைகொடுக்கப் போகவில்லை. அவர் கட்டிலைப் பிடித்து, கதவைப் பிடித்து, சுவரைப் பிடித்து வந்தார். மகன் நகர்ந்து இடம் விட்டான். தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார். அந்தப் பக்கம் உமா உட்கார்ந்தாள்.



வடிவு உப்புக் கிண்ணத்தை எடுத்தாள்.

கைலாசம் இலையில் ஒரு சிட்டிகை வைத்தாள். அடுத்த இலை அவருடையது.

அங்கே நிற்காமல் போய்விடுவது என்றுதான் பஸ்ஸில் வரும்போதெல்லாம் நினைத்து வைத்திருந்தாள். நின்றால்தானே வம்பு. இந்த ஒரு சிட்டிகைக்குப் பயந்துதான் அவள் சட்டியைப் பிரித்தாள், நேரத்தைப் பிரித்தாள், கதவைச் சாத்தினாள். இது அவரைக் கொன்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

“அத்த,” என்றாள் உமா தாழ்ந்த குரலில், “மாமா இலையத் தாண்டி வந்திருங்க.”

தாழ்ந்த குரல்தான். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

வடிவு நடக்கவில்லை.

அவர் இலைக்கு முன்னால் குனிந்தாள். விரல்களில் உப்பை எடுத்தாள்.  கைலாசம் “அம்மா” என்று எழப் பார்த்தான்.

“வைக்கட்டுமா?” என்று அவரிடம் கேட்டாள்.

ஆவுடையப்பன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் விரலைப் பார்த்தார். இத்தனை மாதமாக அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அவர் வலது கையைத் தூக்கி, விரித்து, இலைக்குக் குறுக்கே பிடித்தார்.

“எனக்கு வேண்டாம், வடிவு.”

அவள் தலையாட்டினாள். அடுத்த இலைக்கு நகர்ந்து உமாவுக்கு வைத்தாள்.

“அந்தப் பொரியல எடுத்துட்டு வா,” என்றார் அவர். “கொஞ்சம் நெறையவே வை.”